முதலாவது பாட்டைக் கடைசியில் வைத்தோம்

உயிர்த்த ஞாயிறு முடிந்த கிழமையில் என் மகளின் குழுவில் டிரம்ஸ் அடிக்கிறவன் சிசிலியை விட்டு வடக்கே தொரினோவுக்குப் போய்விட்டான். அங்கே ஒரு பண்டகசாலையில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. போய்ச் சேர்ந்த பிறகுதான் செய்தி அனுப்பினான். என் மகள் அதை வாசித்தாள். போனைக் கவிழ்த்து வைத்தாள். பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, வயரை எதிலும் செருகாமல், சமையலறைக்கும் பால்கனிக்கும் இடையில் நடக்கத் தொடங்கினாள். வயர் செருகாத பேஸிலிருந்து பாட்டு வராது. தடித்த கம்பியை யாரோ சொறிகிற சத்தம்தான் வரும். அன்று பின்னேரம் முழுவதும் அந்தச் சத்தம் எங்கள் வீட்டுக்குள் நடந்து திரிந்தது.

அவர்கள் மூன்று பேர் கொண்ட குழு. போர்கோ வெக்கியோச் சந்தையில் மீன் விற்கிற குடும்பத்துப் பெண் ஒருத்தி கிட்டார் வாசித்துப் பாடுவாள். என் மகள் பேஸ். போனவன் டிரம்ஸ். ஒரு ஜப்பானிய ரொக் குழுவின் பாட்டுகளை மட்டுமே அவர்கள் அடித்தார்கள். அந்தக் குழுவிலும் மூன்று பேர்தான். வேறு பாட்டுகளுக்கு நாலாவது, ஐந்தாவது ஆள் தேவைப்படும், இதற்குத் தேவையில்லை என்று மகள் சொல்வாள். பழைய நகரப் பகுதியான கால்சாவில் ஒரு சிறிய சதுக்கத்தில் கோடை மாலைகளில் உள்ளூர்க் குழுக்களுக்கு மேடை கொடுப்பார்கள். அந்த வருடம் இவர்களுக்கும் அரை மணி நேரம் கொடுத்திருந்தார்கள். சனம் கேட்டுப் பழகிய பாட்டுகளாக இருக்கவேண்டும் என்பது ஒழுங்கு செய்தவர்களின் நிபந்தனை. ஆகவே அந்த ஜப்பானியர்களின் மிகப் பிரபலமான ஐந்து பாட்டுகள் என்று முடிவாகியிருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் மகள் சொன்னாள்: "டிரம்ஸுக்கு ஆள் இல்லாட்டி அந்த இடத்தை வேற ஆக்களுக்குக் குடுத்திடுவினம்."

"அதுக்கென்ன, வாற வருசம் அடியுங்கோவன்" என்றாள் என் மனைவி.

"வாற வருசம் நான் இஞ்சை நிக்கமாட்டன். மேடை இல்லையெண்டால் நானும் தொரினோவுக்குப் போறன். அவனோடை வேலை செய்யிற பெட்டையளின்ரை வீட்டிலை ஒரு அறை சும்மா கிடக்காம்."

சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள். இந்த நகரத்தில் இருபது தாண்டிய பிள்ளைகள் வடக்கே போவது புதினமல்ல. எங்கள் கட்டடத்தில் இருந்து மட்டும் பலர் போயிருக்கிறார்கள், சிசிலிக்காரப் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும். போனவர்கள் நத்தார் பண்டிகைக்கு வருகிறார்கள், பிறகு நத்தாருக்கும் வருவதில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் அதுவரை அது மற்ற வீடுகளின் விசயமாக இருந்தது.

"நான் அடிக்கிறன்" என்றேன்.

மனைவி கரண்டியை வைத்துவிட்டாள். மகள் சிரித்தாள். "அப்பா, இது ஒக்டபாட் இல்லை. காலும் வேலை செய்யவேணும்."

"கால் இருக்கு."

"பின்னேரத்திலை முழங்காலுக்கு எண்ணெய் பூசச்சொல்லி என்னட்டை வாற கால்தானே" என்றாள் மனைவி.

நான் கிழமை நாட்களில் கால்சாவில் பழைய மாளிகைகளின் படிக்கட்டுகளைக் கழுவுகிறேன். சனி ஞாயிறுகளில் எங்கள் தமிழ் ஆட்களின் விழாக்களில் ஒக்டபாட் அடிக்கிறேன். குச்சியால் தட்டினால் தபேலாவும் டிரம்ஸும் கஞ்சிராவும் தருகிற மின்பலகை அது. கலியாணம், பெண்பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடுகிற சாமத்திய வீடு, பிள்ளைகள் கோயிலில் முதல் நன்மை வாங்குகிற நாள், பிறந்தநாள், எல்லாவற்றுக்கும் போவோம். நான் எதையும் ஒழுங்காகச் செய்கிற ஆள். வாளிக்கு ஓர் இடம், துடைப்பத்துக்கு ஓர் இடம். படுக்க முன் டயரி எழுதுவேன். விழாக்களில் என் தாளம் பிசகியது என்று எவரும் சொன்னதில்லை. ஆகவே, முடியும் என்று உண்மையாகவே நினைத்தேன். ஆனால் அதற்காக மட்டும் நான் அப்படிச் சொல்லவில்லை. குழு நிலைத்தால் மேடை நிலைக்கும், மேடை நிலைத்தால் பிள்ளை இங்கே நிற்பாள். கணக்கு அவ்வளவுதான்.

கிட்டார்ப் பெண்ணுக்கு வேறு வழி இருக்கவில்லை. சம்மதித்தாள்.

மகள் என் போனில் பாட்டுகளை ஏற்றித் தந்தாள். எது எத்தனை பேரால் கேட்கப்பட்டது என்ற வரிசையில் அவை கிடந்தன. நான் கீழிருந்து தொடங்கினேன். ஐந்தாவது பாட்டில் பாதிவரை குரலும் கிட்டாரும் மட்டும்தான், டிரம்ஸ்காரர் சும்மா இருக்கவேண்டும். நாலாவது முழுக்கக் கால். அதைப் பழகிய கிழமை படிக்கட்டில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். மூன்றாவதும் இரண்டாவதும் எனக்கு ஒரே பாட்டாகக் கேட்டன. அப்படி மகளிடம் சொன்னபோது அவள் ஒரு நாள் முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

முதலாவதுதான் எல்லோரும் கேட்கிற பாட்டு. சின்னப் பிள்ளைகள் கயிறடித்துத் துள்ளுகிற மாதிரி இலேசாகத் தொடங்கும். சுற்றுக்குச் சுற்று ஏறும். இதோ, எல்லோருக்கும் தெரிந்த அந்த வரி திரும்ப வரப்போகிறது என்று நாம் வாயைத் திறக்கிற இடத்தில் மூவரும் ஒரேயடியாக நிறுத்துவார்கள். நாலு எண்ணுகிற அளவுக்கு ஒன்றுமே இல்லை. டிரம்ஸ் அடிக்கிற பெண் வெண்கலத் தட்டுகூட அதிராதபடி அதைக் கையால் பிடித்துக்கொள்வாள். பிறகு மூவரும் ஒன்றாக விழுவார்கள்.

அவர்களுடைய மேடை வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் தோள்களையும் மணிக்கட்டையும் பார்த்து எழுதிக்கொண்டேன். குரலின் பின்னால் எங்கே நுழைவது என்று பிடிபடுவதற்காக ஜப்பானியச் சொற்களை ஒலிப்படி தமிழ் எழுத்தில் எழுதினேன். அர்த்தம் ஒன்றும் தெரியாது. கிட்டார்ப் பெண் இத்தாலிய எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். அவளுக்கும் தெரியாது. வேறொன்றும் கவனித்தேன். மற்றப் பாட்டுகளுக்கெல்லாம் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். முதலாவது பாட்டில் சனம் கூரை பறக்கக் கத்தும்போது, பேஸ் வாசிப்பவர் மட்டும் பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் மாதிரி மேடையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேக் வெட்டுகிற பாட்டுக்கு, விழாக்களில் என்னோடு வாசிக்கிற கீபோர்ட்காரரும் அப்படித்தான் முகத்தை வைத்திருப்பார். பிரபலமான பாட்டு எங்கேயும் ஒரு வேலைதான் போலும்.

படிக்கட்டுகளில் பழகினேன். துடைப்பக் கட்டையால் படியில், முழங்கையால் வாளியில். இரண்டாம் மாடி சின்யோரா கதவைத் திறந்து, "யாராவது என் கதவைத் தட்டினார்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மறுநாளும் கேட்டார். அதன் பிறகு அவர் வெளியே போன நேரம் பார்த்துத்தான் அந்த மாடிக்குப் போனேன். தெருவில் நடந்தாலும் கால் தானாக மிதித்தது. பூசையில் முழந்தாளில் இருந்தாலும் விரல் சும்மா இருக்கவில்லை. மனைவி தொடையில் கிள்ளினாள்.

ஒத்திகை ஞாயிறு மத்தியானங்களில் நடந்தது. கிட்டார்ப் பெண்ணின் சிற்றப்பா மீன் பெட்டிகளும் குளிர்பெட்டியும் வைத்திருக்கிற களஞ்சிய அறை அது. போனவன் தன் டிரம்ஸை அங்கேயே விட்டுப் போயிருந்தான். முதல் நாளே நாலு பாட்டுகளைத் தட்டுத் தடுமாறிக் கடந்துவிட்டேன். முதலாவது பாட்டில் அந்த இடம் வந்தது. அவர்கள் இருவரும் நிறுத்தினார்கள். நான் ஓர் உருட்டு உருட்டி அந்த இடைவெளியை நிரப்பினேன்.

"மாயெஸ்த்ரோ, அங்கே ஒன்றும் இல்லை" என்றாள் கிட்டார்ப் பெண். வாத்தியார் என்கிற மாதிரி அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"தெரியும்" என்றேன்.

திரும்ப அடித்தோம். திரும்ப நிரப்பினேன். மூன்றாம் தரமும் நிரப்பினேன். என் கை என்னைக் கேட்கவில்லை.

"ஒன்றும் இல்லாத இடத்தில் ஏன் அடிக்கிறீர்கள்?" அவள் கிட்டாரைக் கழற்றி மீன் பெட்டிமேல் வைத்துவிட்டாள். மகள் பேஸின் முறுக்காணியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

ஏன் என்று அவளுக்கு விளங்கப்படுத்துவது கடினம். எங்கள் மண்டபங்களில் சத்தம் நிற்கக்கூடாது. சாமத்தியப் பிள்ளையைக் குடை பிடித்து அழைத்து வரும்போது அவள் மணவறையில் போய் இருக்கும்வரை பாட்டின் இடையிசையைச் சுற்றிக்கொண்டே இருப்போம். வீடியோக்காரர் கையைச் சுழற்றினால் இன்னொரு சுற்று. தோழிப்பெண்களில் ஒருத்தியின் தட்டு சரிந்தால் இன்னும் இரண்டு சுற்று. "சத்தம் நிண்டா சனம் சோத்துக்கு எழும்பீடும்" என்பது கீபோர்ட்காரரின் சட்டம். இல்லையென்றால் அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்துவிடுவார், அதற்குப் பிறகு அதை அவரிடமிருந்து வாங்க முடியாது. எத்தனையோ வருடங்களாக என் கை வெறுமையைக் கண்டால் நிரப்பிப் பழகிவிட்டது. அதைத்தான் ஒழுங்கு என்று நினைத்திருந்தேன்.

ஆகவே வீட்டில் அந்த நாலு எண்ணிக்கையை மட்டும் தனியாகப் பழகினேன். மேசையில் தட்டுவேன், நிறுத்துவேன், மனத்துக்குள் எண்ணுவேன், தொடங்குவேன். தேத்தண்ணி குடிக்கும்போதும் அதே. "கரண்ட் விட்டு விட்டு வாற மாதிரி இருக்கு உங்களோடை இருக்கிறது" என்றாள் மனைவி.

அது கையில் ஊறியதும், வரக்கூடாத இடத்தில் வந்தது. ஜூன் மாதத்தில் ஒரு சாமத்திய வீடு. மகளும் மனைவியும் விருந்தினராக வந்திருந்தார்கள். பிள்ளை குடையின் கீழ் நடந்து வந்துகொண்டிருந்தாள். நாங்கள் இடையிசையைச் சுற்றிக்கொண்டிருந்தோம். மூன்றாவது சுற்றின் முடிவில், ஏனென்று தெரியாது, என் குச்சிகள் இரண்டும் அந்தரத்தில் நின்றன. கீபோர்ட்காரர் திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டார். மண்டபம் அமைதியாகிவிட்டது. பிள்ளை ஒரு காலை முன்னே வைத்தபடி நின்றாள். பின்வரிசையில் ஒரு மாமி எழும்பிச் சாப்பாட்டு மேசையைப் பார்த்து நடக்கத் தொடங்கினா. அவவுக்குப் பின்னால் அந்த வரிசை முழுவதும் எழும்பியது.

"அன்பான உறவுகளே, ஒலிபெருக்கியில் ஒரு சிறு தடங்கல்..." அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்துவிட்டார்.

பிறகு சாப்பாட்டு வரிசையில் கீபோர்ட்காரர் என்னைப் பிடித்தார். "மச்சான், உனக்கு நெஞ்சு நிண்டு போச்செண்டு நினைச்சன்."

"இல்லை. எண்ணினனான்."

"என்னத்தை?"

"நாலு."

"ஆர் உன்னை எண்ணச் சொன்னது? ஜப்பானிலை எங்கையாவது சாமத்திய வீடு நடந்தா அங்கை போய் எண்ணு. இஞ்சை அடி."

மகள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அவள் என்னோடு அப்படிச் சிரித்துப் பல காலம். வெயில் சாய்ந்த நேரம் நாங்கள் இருவரும் துறைமுகப் பக்கத்தால் வீட்டுக்கு நடந்தோம். மனைவி வேறு ஆட்களோடு காரில் போயிருந்தாள். ஜெனோவாக் கப்பலுக்குக் கார்கள் வரிசையில் நின்றன. கூரைமேல் மெத்தை கட்டிய கார்கள். மகளின் சிரிப்பு மெல்ல மெல்ல நின்றுவிட்டது.

"அப்பா, ஒண்டு கேக்கிறன். கோவிக்கக்கூடாது."

"கேள் பிள்ளை."

"ஏன் எங்களோடை அடிக்க வந்தனீங்கள்?"

"ஆள் இல்லை எண்டபடியா."

"இல்லை. நான் போகக்கூடாதெண்டு."

நான் ஒக்டபாட் பையை மற்றத் தோளுக்கு மாற்றினேன்.

"மேடை ஏறினாலும் நான் போறன் அப்பா. செப்டெம்பரிலை. அங்கை வேலைக்கு ஆளோடை கதைச்சிட்டன். பேஸையும் அம்ப் பெட்டியையும் பிளேனிலை கொண்டுபோகேலாது, அதாலை கப்பல்லை போவம் எண்டு இருக்கிறன்."

"மேடை இல்லாட்டித்தான் போறன் எண்டு சொன்னனீ."

"அண்டைக்கு அப்பிடித்தான் நினைச்சன். இப்ப அப்பிடி இல்லை. போக முந்தி ஒருக்கா அதை ஒழுங்கா அடிக்கவேணும் எண்டுதான் ஆசை." கொஞ்சத் தூரம் நடந்தாள். "இப்பவும் அடிப்பீங்களோ?"

கப்பல் ஊதியது. கார்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. நான் வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தேன்.

அந்தக் கிழமை எனக்குச் சரியாக இருக்கவில்லை. ஒரு படிக்கட்டைக் கழுவிவிட்டு, கழுவினேனா என்று திரும்பப் போய்ப் பார்த்தேன். இரண்டாம் மாடி சின்யோரா, "இப்போதெல்லாம் என் கதவை யாரும் தட்டுவதில்லை" என்றார். அவர் குறையாகத்தான் சொன்னார் என்று பட்டது. போகிறவளுக்காக நான் ஏன் முழங்காலை முறிக்கவேண்டும் என்று ஒரு நாள் நினைத்தேன். மறுநாள், நான் விட்டால் மேடையும் போய், அவளும் போய்விடுவாளே என்று நினைத்தேன். சனிக்கிழமை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அவள் போறது எனக்கும் விருப்பமில்லை. ஆனா நீங்கள் நாளைக்கு ஒத்திகைக்குப் போகாமல் விட்டா, அவள் உங்களைப் பற்றிச் சொன்னது சரியெண்டு ஆயிடும்."

ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லோருக்கும் முன்பாகக் களஞ்சியத்துக்குப் போய்விட்டேன். சிற்றப்பா பூட்டுத் திறப்பைத் தந்துவிட்டு வெளியே கதிரையில் இருந்து புகைத்துக்கொண்டிருந்தார். தனியாக முதலாவது பாட்டை அடித்தேன். அந்த இடம் வந்ததும் தட்டைக் கையால் பிடித்தேன். குளிர்பெட்டி உறுமியது. வெளியே ஒரு பெண் யாரையோ மேல்மாடியிலிருந்து கூப்பிட்டாள். ஒன்றும் இல்லை என்று நினைத்த இடத்தில் இவ்வளவும் இருந்தன. நாலு எண்ணித் தொடங்கினேன். சரியாக வந்தது. திரும்பினால் வாசலில் என் மகள் பேஸ் பையோடு நின்றாள். "வந்திட்டீங்களோ" என்றாள். வயரைச் செருகினாள்.

மேடையன்று முதலாவது பாட்டைக் கடைசியில் வைத்தோம். பிரபலமானதை முதலில் அடித்தால் சனம் போய்விடும் என்றாள் கிட்டார்ப் பெண். கீபோர்ட்காரரின் சட்டமும் கிட்டத்தட்ட அதுதான். வெயில் மாளிகைகளின் மேல்சுவரில் மட்டும் நின்ற நேரம். முன்வரிசைக் கதிரைகளை எங்கள் ஆட்கள் பிடித்திருந்தார்கள். ரோல்ஸ், பற்றீஸ் பலகாரப் பெட்டிகள் மடிகளில் திறந்திருந்தன. அவர்களுக்குப் பின்னால் சிசிலிக்கார இளம் பிள்ளைகள் நின்றார்கள். அவர்களில் சிலருக்கு அந்த ஜப்பானியச் சொற்கள் எல்லாம் பாடம். கீபோர்ட்காரர் நடுவில் காலை நீட்டி இருந்தார். என்னைப் பார்த்து நாலு விரலைக் காட்டினார்.

ஐந்தாவது போனது. நாலாவதில் முழங்கால் நொந்தது, ஆனால் தாளம் விழவில்லை. மூன்றாவதும் இரண்டாவதும் எனக்கு இப்போது வேறு வேறு பாட்டுகள். கடைசிப் பாட்டு இலேசாகத் தொடங்கியதும் பின்னால் நின்ற பிள்ளைகள் கூவினார்கள். சுற்று ஏறியது. மகள் மேடையின் ஓரத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தாள்.

அந்த இடம். மூவரும் நிறுத்தினோம். தட்டைப் பிடித்தேன். குளிராக இருந்தது.

"கரண்ட் போயிட்டுதோ?" என்று முன்வரிசையில் ஒரு குரல். ஒரு பற்றீஸ் பெட்டி மூடப்படுகிற சத்தம். கீபோர்ட்காரர் பக்கத்து ஆளின் தோளை அமத்தி இருத்தினார். நான் எண்ணினேன். மூன்றில் மகள் என் பக்கம் திரும்பினாள். ஒத்திகைகளில், நான் நிரப்பப்போகிறேனா என்று பார்க்க அவள் வழமையாகத் திரும்புகிற திருப்பம்தான் அது. நான் நிரப்பவில்லை. நாலு வந்தது. அடிக்கவேண்டும். என் குச்சிகள் மேலே நின்றன. அடித்தால் அந்த வரி வரும், பிறகு ஒரு சுற்று, பிறகு முடிவு, பிறகு செப்டெம்பர். ஐந்து போனது. கிட்டார்ப் பெண்ணும் திரும்பிவிட்டாள். மகள் என்னை அவசரப்படுத்தவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு, கம்பிமேல் விரலை வைத்தபடி நின்றாள். ஏனென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்தது. பிறகு அவள் தலையை மெல்ல ஆட்டினாள். விழாவில் பிள்ளை மணவறையில் இருந்ததும் வீடியோக்காரர் ஆட்டுவாரே, போதும் என்று, அப்படி.

அடித்தேன். மூவரும் ஒன்றாக விழுந்தோம்.

"அதிகம் நீண்டுவிட்டது, மாயெஸ்த்ரோ" என்றாள் கிட்டார்ப் பெண், வயர்களைச் சுற்றும்போது. "பின்னால் நின்றவர்கள் மூச்சுவிட மறந்துவிட்டார்கள். இருந்தாலும் நீண்டுவிட்டது."

"ஓம், பிழை" என்றேன் தமிழில். மகள் அதை அவளுக்கு மொழிபெயர்க்கவில்லை.

கீபோர்ட்காரர் வந்து முதுகில் தட்டினார். "இதுதானே அண்டைக்கு எங்கடை விழாவிலை செய்தனீ? இஞ்சை செய்தால் கைதட்டுறாங்கள்."

செப்டெம்பரில் அம்ப் பெட்டியை நான்தான் கப்பல்வரை சுமந்தேன். மனைவி சாப்பாட்டுப் பார்சல்களைப் பிடித்திருந்தாள். "வயரை ஈரத்திலை வையாதை பிள்ளை" என்றேன். "ஓம் அப்பா" என்றாள்.

அடுத்த கிழமை கிட்டார்ப் பெண் செய்தி அனுப்பினாள்: ஞாயிறு வருவீர்களா? போகவேண்டியதில்லை என்று நினைத்தேன். பூசை முடிந்ததும் கால் அந்தப் பக்கம்தான் போனது. பேஸுக்கு ஒரு புது ஆள் வந்திருந்தார், மருந்துக் கடையில் வேலை செய்கிறவர், என் வயதுக்குச் சற்றுக் குறைவு. நன்றாக வாசிக்கிறார். ஆனால் முதலாவது பாட்டில் அந்த இடம் வந்ததும் இரண்டு விரலால் ஏதோ ஓடவிட்டு நிரப்பினார்.

"அங்கே ஒன்றும் இல்லை" என்றேன்.

"தெரியும்" என்றார். திரும்பவும் நிரப்பினார்.

பின்னேரம் மகள் தொரினோவிலிருந்து போன் எடுத்தாள். வேலை, அறை, குளிர் எல்லாம் சொன்னாள். பிறகு கேட்டாள்: "புது ஆள் அந்த இடத்தை விடுறாரோ?"

"இல்லை. நிரப்புறார்."

"சொன்னனீங்களோ?"

"சொன்னனான். கேக்கிறார் இல்லை."

"திருப்பித் திருப்பிச் சொல்லுங்கோ" என்றாள். நான் போனைக் காதில் வைத்தபடி சமையலறைக்கும் பால்கனிக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தேன். "அப்பா, என்ன சத்தம் அது?" என்று கேட்டாள். மற்றக் கை நடக்க நடக்கச் சுவரில் தட்டிக்கொண்டு வந்திருக்கிறது. நிறுத்தினேன்.